இரண்டாம் வாசலின் குறுக்குக்காற்று

நாற்பத்திரண்டு நாட்கள் கொடுத்திருந்தோம். ஜனவரி எட்டாம் தேதி, எங்கள் பழைய நாட்காட்டிப்படி வரும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கணக்கு தொடங்கியது. அதற்குள் இரண்டாம் வாசலின் வெப்பச் செலவு பத்தில் ஒரு பங்கு குறைந்தால், பனி உருகியதும் அதன் வடக்குச் சுவர் முழுவதற்கும் எங்கள் வெப்ப ஆலை, சூடு வெளியேறாமல் தடுக்கும் கம்பளிப் பலகை போர்த்தும். குறையாவிட்டால் அந்தப் பலகைகள் நான்காம் வாசலுக்குப் போகும். அந்த வருடம் ஒரு வாசலுக்கு மட்டுமே பலகை இருந்தது.

எங்கள் ஊரில் ஒரு மாடிப்படியைச் சுற்றியிருக்கும் வீடுகள் சேர்ந்தது ஒரு வாசல். இரண்டாம் வாசலில் நான்கு தளங்கள், எட்டு வீடுகள். ஆற்றோரத்து வெப்ப ஆலையிலிருந்து வெந்நீர் நிலத்தடிக் குழாயில் வரும். வீடுகளில் சுவரோரம் இருக்கும் ரேடியேட்டர்களைச் சூடாக்கிவிட்டு, ஆறிப்போய்த் திரும்பும். எவ்வளவு சூட்டை விட்டுவிட்டுப் போனது என்பதை அடித்தளத்தில் ஒரு மீட்டர் குறித்துக்கொள்ளும். அந்த மீட்டர்களைப் படிப்பது என் வேலை. நான் இயற்பியல் படித்தவள். மனிதர்களோடு பேசுவது என் வேலையாக இருக்கவில்லை. என் மேலதிகாரி ராடிசாவ் அதை என் வேலை ஆக்கினார்.

“மீட்டரோட பேசுற மாதிரியே அவங்களோடயும் பேசு, நெவெனா,” என்றார்.

“மீட்டர் திருப்பிக் கத்தாது சார்.”

“கத்துனா கத்தட்டும். நானும் கூட வர்றேன்.”

முதல் கூட்டம் மேல்தளத்தில், துணி உலர்த்தும் அறையில் நடந்தது. கொடியில் யாருடைய போர்வையோ தொங்கிக்கொண்டிருந்தது. நான் எழுதிக்கொண்டு போன தாளில் ஐந்து வரிகள் இருந்தன. ரேடியேட்டர் வால்வை மூன்றாம் எண்ணில் வையுங்கள். இருட்டியதும் ஜன்னலின் வெளி ஷட்டரை இறக்குங்கள். ரேடியேட்டர் மேல் துணி போடாதீர்கள். சோபாவை அதன் முன்னாலிருந்து நகர்த்துங்கள். ஐந்தாவது வரி வரும்போது என் குரல் இறங்கிவிட்டது. நாள் முழுக்க ஒரு ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்துத் திறந்துவைக்காதீர்கள். அதற்குப் பதில் காலையில் இரண்டு பக்க ஜன்னல்களையும் முழுதாகத் திறந்து, ஐந்து நிமிடத்தில் மூடிவிடுங்கள்.

தாளை மடிக்கப் போனேன்.

“கடைசியை இன்னொரு தடவை படி, பொண்ணு,” என்றார் மிலாடின். அவர்தான் அந்த வாசலின் தலைவர். ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்.

படித்தேன்.

“ரெண்டு பக்கமுமா?”

“ஆமா மாமா. தெருப் பக்கமும் முற்றத்துப் பக்கமும்.”

“ஒரே நேரத்துல?”

“அஞ்சு நிமிஷம்தான்.”

“அஞ்சு நிமிஷம் எதுக்கு, ஒரு நிமிஷம் போதுமே,” என்றாள் அவர் மனைவி ஸ்தானா. “ஆளைப் படுக்கப்போட.”

மிலாடின் விரலைத் தன் வாயின் இடது ஓரத்தில் வைத்தார். அந்த ஓரம் கீழே தொங்கியிருக்கும். அவர் சிரித்தால் பாதி முகம் மட்டும் சிரிக்கும்.

“இது என்னன்னு தெரியுமா? பஸ் ஜன்னல். என் பக்கத்துல ஒண்ணு திறந்திருந்துச்சு, கடைசி சீட்டுல ஒண்ணு. சாச்சாக் ஊரைத் தாண்டுறதுக்குள்ள வாய் கோணிப்போச்சு. நாலு மாசம் சூப்பை உறிஞ்சிக் குடிச்சேன். காகிதத்துல எழுதிட்டு வந்துட்டா. குறுக்குக்காத்தாம்.”

தெரியாமல் இல்லை. நானும் அந்த ஊரில்தான் வளர்ந்தேன். வீட்டில் எதிரெதிராக இரண்டு ஜன்னல்கள் திறந்திருந்தால், “மூடுடி, மிலாடின் வாய் மாதிரி ஆகிடும்,” என்று என் அம்மா ஓடி வருவாள். அந்தத் தெருவில் எல்லாப் பிள்ளைகளும் அந்த வாயைப் பார்த்துத்தான் ஜன்னல் மூடக் கற்றுக்கொண்டோம். காற்று எப்படி நகர்கிறது என்று நான்கு வருடம் படித்த பிறகும், குறுக்குக்காற்று பட்டால் என் கை தானாகக் கழுத்தை மூடும்.

ராடிசாவ் தொண்டையைச் செருமினார். அவருக்கும் மிலாடினுக்கும் இருபது வருடப் பகை. ஒவ்வொரு குளிர்காலமும், ரேடியேட்டர் சூடாகவில்லை என்று ஆலை அலுவலகத்துக்கு வந்து மேசையைத் தட்டுபவர் மிலாடின்.

“மிலாடின், ஒரு மாசம் போகட்டும். நீயே திறப்பே.”

“என் பொணத்தைத் தாண்டித்தான் இந்த வாசல்ல ரெண்டு ஜன்னல் ஒண்ணா திறக்கும். எழுதிக்கோ.”

“எழுதுறதுக்கு என்ன, எல்லார் முன்னாடியும் சொல்லிட்டே.”

நான்கு வரிகளுக்கு எல்லோரும் கை தூக்கினார்கள். ஐந்தாவதை எதிர்த்தும் எல்லோரும் தூக்கினார்கள். கடைசியாக எழுந்த கை மூன்றாம் தளத்து யஸ்மினாவுடையது. அது மெதுவாக எழுந்ததால் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

திரும்பும்போது வண்டியின் கண்ணாடியில் மூச்சு படிந்து வெளியே தெரியவில்லை. என் பக்கத்து ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினேன். ராடிசாவ் உடனே தன் பக்கத்து ஜன்னல் முழுதாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“காதுக்கு ஆகாது,” என்றார். பிறகு அவரே சிரித்துவிட்டார். “சரி, அஞ்சாவது இல்லாம எவ்வளவு குறையும்?”

“நூத்துக்கு ஏழு. அதுக்கு மேல போகாது.”

“பத்து வேணுமே.”

“ஆமா சார்.”

“ஏழைப் பத்துன்னு எழுத முடியாது, நெவெனா. நாலாம் வாசல்காரங்க மூணு வருஷமா காத்திருக்காங்க.”

“நான் கேக்கலையே.”

“கேக்கலை. பாக்குற பார்வையைச் சொன்னேன்.”

வால்வு பார்ப்பதற்காக வீடு வீடாகப் போனேன். ஸ்தானா கதவைத் திறந்ததும் என் காலைத்தான் பார்த்தாள். நான் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு நின்றேன்.

“இப்படித் தரையில நின்னா நாளைக்குப் பிள்ளை பெத்துக்க முடியுமா?” என்று சொல்லி ஒரு ஜோடி வீட்டுச் செருப்பைத் தள்ளினாள். பெரியது. மிலாடினுடையதாக இருக்க வேண்டும். அதைப் போட்டுக்கொண்டு அறை அறையாக இழுத்து நடந்தேன். சமையலறை ஜன்னல் ஒன்று மேலே சாய்ந்து திறந்திருந்தது. அதன் அடியில் ரேடியேட்டர் கொதித்துக்கொண்டிருந்தது. எட்டு வீடுகளிலும் இப்படித்தான். ஒரு ஜன்னல் மட்டும், நாள் முழுக்க. ஒன்று திறந்திருந்தால் அது காற்றோட்டம். இரண்டு திறந்தால் சாவு.

யஸ்மினாவின் வீடு மூன்றாம் தளத்தில், வடக்கு மூலையில். கணவன் ஆஸ்திரியாவில் கட்டட வேலை செய்கிறான். நான்கு வயது மகள் விஷ்னியா சமையலறையில் ஒரு மடக்குக் கட்டிலில் தூங்குகிறாள். ஏன் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. குழந்தையின் அறைச் சுவரில், கூரையிலிருந்து கட்டில் உயரம் வரை கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தது. இரண்டு வருடங்களுக்கு முன் எல்லோரும் பழைய மர ஜன்னல்களை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத புதியவற்றைப் போட்டார்கள். அதிலிருந்து சமைக்கும் ஆவி, துணியின் ஈரம், மூச்சு எல்லாம் வீட்டுக்குள்ளேயே நின்று, இருப்பதில் குளிர்ந்த சுவராகப் பார்த்துப் படிகிறது. அந்த வாசலில் இருப்பதில் குளிர்ந்த சுவர் இதுதான்.

“ப்ளீச் போட்டுத் தேய்ச்சேன்,” என்றாள் யஸ்மினா. “பத்து நாள்ல திரும்ப வந்துடுது. பிள்ளைக்கு இருமல் நிக்கலை. சுவர் சரியாகலைன்னா ஏப்ரல்ல கிராமத்துக்கு வந்துடுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. அங்க போனா திரும்பி வர விட மாட்டாங்க. இங்க எனக்கு மருந்துக்கடையில வேலை இருக்கு. அங்க பன்னி இருக்கு.”

“கம்பளி போட்டா சுவர் சூடாகிடும். பூஞ்சை வராது.”

“போடுவீங்களா?”

“பத்து குறைஞ்சா.”

“குறையுமா?”

சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னேன். “ஜன்னலைத் திறந்தா குறையும். ஈரமும் போகும். எட்டு வீடும் திறக்கணும்.”

“நீ சொல்றது புரியுது. தலைக்குப் புரியுது.” அவள் குழந்தையின் கழுத்துச் சால்வையை இறுக்கினாள். “ஆனா நான் திறந்துவிட்டு இவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா? நான்தானே திறந்தேன்னு ஆகிடும்.”

“அந்த அஞ்சு நிமிஷம் பிள்ளையை வேற வீட்டுல விட்டுடுங்க.”

“அப்புறம் யார் திறக்கிறது? நானா? எனக்கு ஏதாவது ஆச்சுன்னா இவளை யார் பார்ப்பா?”

காப்பியோடு செர்ரிப் பாகு ஒரு கரண்டி கொடுத்தாள். சாப்பிட்டுவிட்டுத் தண்ணீர் குடித்து வந்துவிட்டேன்.

முதல் இரண்டு வாரங்கள் மீட்டர் என் கணக்குப்படியே நடந்தது. ஆறு, ஆறரை. வால்வை மூன்றில் வைத்திருந்தார்கள், சோபாவை நகர்த்தியிருந்தார்கள். ஸ்தானா போர்வையை ரேடியேட்டரிலிருந்து எடுத்து மேல்தளத்துக் கொடிக்கு மாற்றியிருந்தாள். அவ்வளவுதான் அவர்களால் முடியும் என்று நினைத்தேன்.

மூன்றாம் வாரம் எட்டரை ஆனது.

பிழை என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த மீட்டர் நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்யும். பதிவுகளை எடுத்துக் கோடாக வரைந்து பார்த்தேன். காலை ஒன்பது மணிக்கு ஒரு சின்ன மேடு. ரேடியேட்டர் வால்வுகள் அறையின் சூட்டை உணர்பவை. திடீரென்று குளிர்காற்று பட்டால் கொஞ்ச நேரம் கூடுதலாகத் திறந்துகொள்ளும், பிறகு அடங்கும். அந்த மேடு அடங்குவதற்குள் இன்னொரு மேடு. பிறகு இன்னொன்று. எண்ணினேன். எட்டு. ஒன்பதே முக்காலுக்குள் எல்லாம் முடிந்து, கோடு முன்பைவிடக் கீழே இறங்கி, நாள் முழுக்க அங்கேயே ஓடியது.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பத்தே காலுக்குத் தொடங்கியது. கோவிலில் ஞாயிறு பூசை முடியும் நேரம்.

எட்டுப் பேர் தங்கள் விருப்பத்துக்குத் திறந்தால் மேடுகள் இப்படி வரிசையாக வராது. ஒன்றின் மேல் ஒன்று விழும், இடைவெளி விடும், சில நாள் மறக்கும். இது யாரோ ஒருவர் கீழ்த்தளத்திலிருந்து மேல்தளம் வரை, ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து நிமிடம் நின்று, நேரம் தவறாமல் ஏறிப்போவது போல இருந்தது.

வேலைக்கு வரும் வழியில் அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன். சமையலறை ஜன்னல்கள் எதுவும் சாய்ந்திருக்கவில்லை. மற்ற ஜன்னல்களின் ஷட்டர்கள் எல்லாம் இறங்கியிருந்தன. ஒன்பது மணி ஆகும்வரை நின்றிருந்தால் தெரிந்திருக்கும். நான் நிற்கவில்லை. நான் பார்த்தது அவர்களுக்குத் தெரிந்தால் நின்றுபோய்விடுமோ என்று பயமாக இருந்தது.

அடுத்த முறை யஸ்மினாவின் வீட்டுக்குப் போனபோது, அறைச் சுவரின் கீழ்ப்பகுதி காய்ந்து வெளிறியிருந்தது. கை வைத்துப் பார்த்தேன். ஈரம் இல்லை.

“துடைச்சேன்,” என்றாள் யஸ்மினா.

“நல்லா துடைச்சிருக்கீங்க.”

“ஆமா.” கதவுப் பக்கம் பார்த்தாள். “நிறைய துடைச்சேன்.”

ஜனவரி முப்பத்தொன்று மிலாடின் வீட்டில் குடும்பப் புனிதர் நாள். எங்கள் பக்கம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு புனிதர் உண்டு. அந்த நாளுக்கு யாரையும் அழைக்க மாட்டார்கள். தெரிந்தவர்கள் எல்லாம் போக வேண்டும். பகையாளியும் போக வேண்டும். ராடிசாவ் புதுச் சட்டை போட்டுக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். மெழுகுவர்த்தி எரிந்தது. வேகவைத்த கோதுமையில் ஒரு கரண்டி எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சின்ன அறையில் பதினைந்து பேர். எல்லோருக்கும் வியர்த்தது. ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை.

புனிதர் நாளில் வீட்டுக்காரர் உட்காரக் கூடாது. மிலாடின் கழுத்தில் கம்பளிச் சால்வையோடு காலையிலிருந்து நின்றுகொண்டே ஊற்றினார், பரிமாறினார். இடுப்பில் ஒரு சாவிக் கொத்து தொங்கியது. ஒரு வீட்டுக்கு இத்தனை சாவியா என்று நினைத்தேன். ஸ்தானா நடுநடுவே அவர் வாயருகே பன்றிக் கொழுப்பு வறுவலை நீட்டினாள்.

“சாப்பிடு. காத்து பட்ட உடம்புக்குக் கொழுப்பு வேணும்.”

“போதும்டி.”

“முப்பது வருஷமா இதுதான் உன்னை நிக்க வச்சிருக்கு. வாயைத் திற.”

அவர் திறந்தார். வாயின் நல்ல பாதியால் மென்றார். பிளம் சாராயத்தை ராடிசாவுக்கு ஊற்றிவிட்டுத் தனக்கும் ஊற்றிக்கொண்டார்.

“எப்படிப் போகுது உங்க காகிதம்?” என்று என்னிடம் கேட்டார்.

“நல்லாப் போகுது மாமா.”

“ஜன்னல் யாரும் திறக்கலை. தெரியும்ல?”

“தெரியும்.”

“அதைத் தெரிஞ்சு வச்சுக்கோ,” என்றார். ராடிசாவைப் பார்த்துத்தான் சொன்னார்.

மறுநாள் பதிவுகளை எடுத்தேன். முப்பத்தொன்றாம் தேதிக் காலையில் மேடே இல்லை. கோடு தட்டையாக ஓடியது. பிப்ரவரி ஒன்று, ஒன்பது மணி, மறுபடியும் எட்டு மேடுகள்.

இரண்டாம் வாசலில் அந்தப் புனிதரைக் கொண்டாடுவது ஒரே ஒரு குடும்பம்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மேசைக்குப் போய், என் பக்கத்து ஜன்னலையும் எதிர்ச் சுவர் ஜன்னலையும் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். கணக்குப் பிரிவிலிருந்து யாரோ ஓடிவந்து மூடினார்கள்.

நாற்பத்திரண்டாம் நாள் முடிந்த மாலை, அதே துணி உலர்த்தும் அறை. எட்டு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். யஸ்மினா குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, கவிழ்த்த துணிக்கூடை மேல் உட்கார்ந்திருந்தாள். ராடிசாவ் மேசை முன் நின்றார். பேனாவின் மூடியைத் திறக்கவில்லை.

“பதினொண்ணரை குறைஞ்சிருக்கு,” என்றார்.

யாரோ கை தட்டத் தொடங்கினார்கள். அவர் கையை உயர்த்தினார்.

“தட்டாதீங்க. இதுதான் எனக்குப் பிரச்சினை. நெவெனா கணக்குல ஜன்னல் திறக்காம ஏழுக்கு மேல போகாது. அவ கணக்கு தப்பாது. நீங்க ஜன்னல் திறக்கலைன்னு சொல்றீங்க. புனிதர் நாள்லகூடச் சொன்னீங்க. அப்போ மீட்டர் கெட்டுப்போச்சு. மீட்டர் கெட்டா கணக்கு செல்லாது. அடுத்த குளிருக்கு மறுபடி பார்க்கலாம். பலகை நாலாம் வாசலுக்குப் போகும்.”

யஸ்மினாவின் கை குழந்தையின் தலைமேல் அப்படியே நின்றது. அவள் ராடிசாவைப் பார்க்கவில்லை. மிலாடினைப் பார்த்தாள். ஸ்தானாவும் பார்த்தாள். ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் பார்த்தார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. சொல்லக் கூடாது என்று எட்டு வீடும் சேர்ந்து வாக்குக் கொடுத்திருக்கிறது என்பது அப்போது எனக்குப் புரிந்தது.

மிலாடின் சால்வையை அவிழ்த்தார்.

“மீட்டர் கெடலை,” என்றார்.

“அப்படின்னா?”

“திறக்குறோம்.”

“யாரு?”

“நான்.” அவர் முகம் சிவந்தது. “எட்டு வீட்டையும் நான்தான் திறக்குறேன். போதுமா? நீ சொன்ன மாதிரியே ஆச்சு. சந்தோஷப்பட்டுக்கோ.”

ராடிசாவ் சந்தோஷப்படவில்லை. தலையை ஆட்டினார். “மிலாடின், உன் மனசு நல்ல மனசு. யஸ்மினாவுக்காகச் சொல்றே. ஆனா நீ குறுக்குக்காத்துல நின்னேன்னு சொன்னா இந்த ஊர்ல எவன் நம்புவான்? உன் வாயை வச்சுத்தான் நான் என் பிள்ளைங்களுக்குத் தொப்பி மாட்டிவிட்டேன். இதை நான் எழுத முடியாது.”

“நான்தான் திறந்தேன்னு சொல்றேன்ல!”

“எப்போ இருந்து?”

“மூணாவது வாரத்துல இருந்து. இந்தப் பொண்ணு வந்துட்டுப் போன அப்புறம் யஸ்மினா எங்க கதவுகிட்ட நின்னு அழுதுச்சு. பிள்ளையை ஸ்தானா தூக்கிக்கிட்டா. யாராவது ஒருத்தர் உள்ள போகணுமே. எனக்குத்தான் ஏற்கெனவே பட்டாச்சே, இன்னும் என்ன ஆகப்போகுதுன்னு போனேன். மறுநாள் கீழ்வீட்டுல சாவியைக் கொடுத்தாங்க. அப்புறம் எதிர்வீட்டுல. எல்லாரும் படியில நிப்பாங்க, நான் உள்ள போய்த் திறப்பேன். ஷட்டரை இறக்கி வச்சுக்கிட்டு.”

“நல்லா கதை கட்டுறே,” என்றார் ராடிசாவ். அதைச் சொல்லும்போது அவருக்கே வருத்தமாக இருந்தது.

நான் எழுந்தேன். எழுந்துவிட்டேன் என்பது எழுந்த பிறகுதான் தெரிந்தது. எல்லா முகங்களும் என் பக்கம் திரும்பின. கொடியில் தொங்கிய போர்வையைப் பார்த்துப் பேசினேன்.

“சார், தினமும் ஒன்பது மணிக்கு எட்டு மேடு இருக்கு. வரிசையா, ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணு. ஒரே ஆள்தான். ஞாயித்துக்கிழமை கோவில் முடிஞ்சு.”

“அது யாரா வேணும்னாலும் இருக்கலாம்.”

“முப்பத்தொண்ணாம் தேதி மட்டும் மேடு இல்லை.”

ராடிசாவ் என்னைப் பார்த்தார். பிறகு மிலாடினைப் பார்த்தார். அன்றைக்கு அவர் அந்த வீட்டில் மூன்று தட்டு சாப்பிட்டிருந்தார்.

“அன்னிக்கு இவன் உட்காரவே இல்லையே,” என்றார் மெதுவாக. “காலையில இருந்து வீட்டை விட்டு நகரலை.”

“நகர முடியாது. புனிதர் நாள்,” என்றாள் ஸ்தானா.

ராடிசாவ் பேனாவின் மூடியைத் திறந்தார். கையெழுத்துப் போட ஒரு நொடிகூட ஆகவில்லை. “ஏப்ரல்ல சாரம் கட்டுவோம்,” என்றார். “வடக்குச் சுவர் முழுசா. நாலாம் வாசலுக்கும் இந்தத் தாளைக் கொடுக்கணும், நெவெனா. அஞ்சு வரியும்.”

இப்போது எல்லோரும் கை தட்டினார்கள். யஸ்மினா கூடையிலிருந்து எழவில்லை. குழந்தையின் தலைமுடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள், தோள்கள் குலுங்கின. விஷ்னியா, “அம்மா, கூசுது,” என்றாள். கீழ்வீட்டுக்காரர் எங்கிருந்தோ ஒரு பாட்டிலைக் கொண்டுவந்தார். ராடிசாவ் முதல் குவளையை மிலாடினுக்கு நீட்டினார். மிலாடின் கொஞ்சம் யோசித்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

ஸ்தானா மட்டும் குடிக்கவில்லை.

“தினமும் நான்தான் இந்தச் சால்வையைச் சுத்தி அனுப்புனேன்,” என்றாள். “நீ எட்டு வீடும் முடிச்சு வர்ற வரைக்கும் கதவுகிட்டயே நின்னேன். வந்ததும் முதல்ல உன் வாயைத்தான் பார்த்தேன், இன்னிக்கு இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கான்னு. நீ விசில் அடிச்சுக்கிட்டு வருவே. உனக்குப் பயமே இல்லையா?”

“என்ன பயம்.”

“என்ன பயமா? முப்பது வருஷமா நம்ம வீட்டுல ரெண்டு ஜன்னலை ஒண்ணா திறந்ததில்லை நான். நீ போய் எட்டு வீட்டுக் காத்துல நிக்கிறே, என்ன பயம்னு கேக்குறே.”

மிலாடின் குவளையைக் கீழே வைத்தார். தொங்கிய வாயோரத்தைத் தொட்டுக்கொண்டார். ராடிசாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உதவி கிடைக்கவில்லை.

“உட்காரு, ஸ்தானா.”

“உட்கார மாட்டேன். சொல்லு.”

“அது காத்து இல்ல,” என்றார் மிலாடின். “டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டார். ரத்த அழுத்தம். உப்பையும் சாராயத்தையும் உன் கொழுப்பு வறுவலையும் விடச் சொன்னார். வீட்டுக்கு வந்து உன்கிட்ட அதைச் சொல்லி மூணையும் நிறுத்திக்கவா? பஸ் ஜன்னல்னு சொல்லிட்டேன்.”